மங்கிய பட்டைக்கு மெருகு



செர்காம் பக்கம் மாலை வேளையில் நடந்து போனால், பல வீடுகளின் முன்னால் ஏதாவது ஒரு வண்டி நிற்பதைக் காணலாம். அவற்றுள் சில, பழைய பிக்அப் வண்டிகள். பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கியவை. வாழைத்தார் ஏற்றும், சந்தைக்குப் போகும், கல்யாண வீட்டுக்கு அண்டா குண்டான் சுமக்கும். தோட்டத்து லயத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபெயர்ந்தபோது, கட்டில் பீரோவோடு பாட்டியையும் ஏற்றி வந்த வண்டியாகவும் அது இருக்கும்.

வண்டி ஓடுகிறது. எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கதவோரத்தில் நீளமாக ஓடும் வெள்ளைப் பட்டை, கண்ணாடியைச் சுற்றியுள்ள சட்டம், முன்முகத்து அலங்காரக் கம்பிகள் எல்லாம் மங்கி, சாம்பல் பூத்து, சுண்ணாம்பு அடித்தது போல் ஆகிவிட்டன. பார்க்கிறவர்கள், "இதைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடுங்கள்" என்கிறார்கள். நமக்கோ மனம் வரவில்லை.

அந்தப் பட்டைகளுக்கு மீண்டும் மெருகு ஏற்ற முடியுமா? பெரும்பாலும் முடியும். அதற்கு அதிகப் பணம் வேண்டாம், பொறுமை வேண்டும். அதைவிட முக்கியமாக, அந்த உலோகத்தின் குணம் தெரிந்திருக்க வேண்டும். குணம் தெரியாமல் கை வைத்தால் பட்டையும் கெடும். சில வேளைகளில் ஆளுக்கே ஆபத்து வரும். எனவே இன்று முதலில் அலுமினியத்தின் குணத்தைப் பார்ப்போம். பிறகு வேலை முறையைப் பார்ப்போம்.

அலுமினியம் நமக்குப் புதிய பொருள் அல்ல. சோறு வடிக்கும் பானை அலுமினியம். நம் பாட்டிமார் பலர் அதை 'ஈயப் பானை' என்று சொல்லிப் பழகியவர்கள். உண்மையில் ஈயம் வேறு, அலுமினியம் வேறு. கித்தாத் தோட்டங்களிலும் இந்த உலோகத்திற்கு நல்ல மதிப்பு இருந்தது. பாலை உறைய வைக்கும் தட்டுகளும் தொட்டிகளும் அலுமினியத்தில் செய்யப்பட்டன. காரணம் உண்டு. செம்பு கலந்தால் கித்தா சீக்கிரம் கெட்டுவிடும். இரும்பு துருப்பிடித்துப் பாலைக் கறைப்படுத்தும். அலுமினியம் இந்த இரண்டு கெடுதலும் செய்யாது. எடையும் குறைவு. இரும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான்.

இன்று மலிவாகக் கிடைக்கும் இவ்வுலோகம் ஒரு காலத்தில் அரிய பொருளாக இருந்தது. 1884-ஆம் ஆண்டு அமெரிக்கத் தலைநகரில் வாஷிங்டன் நினைவுத் தூணைக் கட்டி முடித்தபோது, அதன் உச்சியில் ஒரு சிறிய அலுமினியக் கூம்பைத்தான் வைத்தார்கள். இரண்டே ஆண்டுகள் கழித்து, 1886-இல், அமெரிக்காவில் ஹால் என்பவரும் பிரான்சில் ஹெரூல்ட் என்பவரும், ஒருவரை ஒருவர் அறியாமலே, மின்சாரத்தைக் கொண்டு அலுமினியத்தைப் பிரிக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு விலை இறங்கிவிட்டது. 1898-இல் சென்னைக் கலைப்பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்பவர் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கி வைத்தார். இப்படித்தான் அது தமிழர் சமையற்கட்டுக்குள் நுழைந்தது.

வாகனத்துக்கும் அலுமினியம் வந்தது. அக்காலத் தோட்டத்துத் துரைமார் ஓட்டிய லேண்ட்ரோவர் வண்டியை நினைத்துப் பாருங்கள். 1948-இல் அந்த வண்டி வெளிவந்தபோது பிரிட்டனில் எஃகுக்குக் கடும் தட்டுப்பாடு. ஆகவே அதன் வெளித்தகடுகளை அலுமினியக் கலவையில் செய்தார்கள். கேமரன் மலையில் காய்கறி ஏற்றும் பழைய லேண்ட்ரோவர்களை இன்றும் காணலாம். நம் பிக்அப் வண்டிகளில் உடல் முழுவதும் எஃகு. பட்டையும் சட்டமும் மட்டும் பல வண்டிகளில் அலுமினியம்.

இனி அதன் குணத்திற்கு வருவோம். இரும்பை நனைத்து வெளியில் போட்டால் துருப்பிடிக்கிறது. துரு உதிர்கிறது, உள்ளே இருக்கும் புதிய இரும்பு வெளியே வருகிறது, அதுவும் துருப்பிடிக்கிறது. இப்படியே தகடு ஓட்டையாகிவிடும். அலுமினியம் அப்படி அல்ல. காற்றுப் பட்ட மாத்திரத்தில் அதன் மேல் ஆக்சைடு என்னும் மெல்லிய தோல் படர்கிறது. அத்தோல் உதிராது. கண்ணாடி போல் தெளிவாக, இறுக்கமாக ஒட்டிக்கொண்டு உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால், அவற்றில் நான்கைந்து கூறுதான் அதன் கனம். ஆனாலும் உறுதியானது. மாணிக்கக் கல்லும் நீலக் கல்லும் இதே ஆக்சைடு படிகமாக உறைந்தவைதான் என்றால் அதன் உறுதியை ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தத் தோலுக்கு மூன்று பகைவர்கள் உண்டு. ஒன்று, கடும் காரம். இரண்டு, கடும் அமிலம். மூன்று, உப்பு.

முதல் இரண்டையும் நம் அடுப்படியிலேயே பார்க்கலாம். அலுமினியப் பானையில் நாள்தோறும் வெறும் தண்ணீர் கொதிக்க வைத்தால், உட்புறம் கறுத்துப் போகிறது. தண்ணீரில் உள்ள காரமும் தாதுக்களும் செய்யும் வேலை அது. அதே பானையில் ஒரு நாள் புளிக்குழம்போ தக்காளி ரசமோ வைத்தால், உட்புறம் பளிச்சென்று வெளுத்துவிடுகிறது. புளிப்பு, அந்தக் கறுத்த தோலைக் கரைத்துவிட்டது. கரைந்தது எங்கே போனது? குழம்புக்குள் போனது. அதனால்தான் புளித்த பண்டங்களை அலுமினியப் பாத்திரத்தில் இரவு முழுவதும் வைக்கக் கூடாது என்கிறார்கள். இந்தச் சிறிய அடுப்படிப் பாடத்தில் நமது வேலைக்கு வேண்டிய அறிவு பாதி அடங்கியிருக்கிறது. மெல்லிய புளிப்பு சற்று நேரம் பட்டால் அழுக்கு நீங்கும். கடுமையானது பட்டால் உலோகமே கரையும்.

மூன்றாவது பகை உப்பு. செர்காம் மலாக்கா நீரிணையைப் பார்த்திருக்கும் ஊர். கடற்காற்றில் உப்பு கலந்து வருகிறது. கடற்கரையில் வண்டியை நிறுத்திவிட்டுக் குடும்பத்தோடு சுட்ட மீன் சாப்பிட்டு வருகிறோம். நாம் சாப்பிடும் நேரமெல்லாம் வண்டியும் உப்பைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. உப்பு, அலுமினியத்தின் தோலில் ஊசி முனை போல் குத்திச் சிறு சிறு குழிகளை உண்டாக்கும். குழிக்குள்ளிருந்து வெள்ளைப் பொடி கிளம்பும். நாம் பட்டையின் மேல் காணும் வெள்ளைப் பூப்பு பெரும்பாலும் இதுவே.

நேயர்களே, வேலையைத் தொடங்குமுன் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும்.

முதல் கேள்வி: இது அலுமினியம்தானா? ஒரு சிறு காந்தத்தை எடுத்துப் பட்டையில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது எஃகு. மேலே குரோமிய முலாம் பூசியிருக்கும். பழைய வண்டிகளின் பம்பர் பெரும்பாலும் இப்படிப்பட்டது. காந்தம் ஒட்டாவிட்டால் அலுமினியமாக இருக்கலாம், துருப்பிடிக்காத எஃகில் சில வகையாகவும் இருக்கலாம், பிளாஸ்டிக்காகவும் இருக்கலாம். பிளாஸ்டிக்கை நகத்தால் தட்டினாலே தெரிந்துவிடும். துருப்பிடிக்காத எஃகு மங்கி வெள்ளைப்பொடி பூக்காது. பொடி பூத்திருந்தால் அது அலுமினியம் என்று கொள்ளலாம்.

இரண்டாவது கேள்வி: மேலே பூச்சு உண்டா? வண்டிப் பட்டைகளில் பலவற்றுக்கு ஆலையிலேயே மின்சார முறையில் கனமான ஆக்சைடுத் தோல் ஏற்றியிருப்பார்கள். இதற்கு ஆனோடைஸ் செய்தல் என்று பெயர். இயற்கைத் தோலைக் காட்டிலும் இது ஆயிரம் மடங்குக்கு மேல் கனமானது. ஆனாலும் தலைமயிரின் கனத்தைவிடக் குறைவு. பூச்சு உண்டா இல்லையா என்று அறிய எளிய வழி இருக்கிறது. கண்ணில் படாத ஒரு மூலையில், சிறிது உலோகப் பாலிஷை வெள்ளைத் துணியில் தொட்டுத் தேயுங்கள். துணி உடனே கரியாகக் கறுத்தால், அது பூச்சில்லாத வெறும் அலுமினியம். கறுக்காவிட்டால் மேலே பூச்சு இருக்கிறது என்று பொருள்.

மூன்றாவது கேள்வி: இது அழுக்கா, அரிப்பா? அழுக்கு மேலே படிந்தது, கழுவினால் போகும். அரிப்பு உலோகத்துக்குள் இறங்கியது, கழுவினால் போகாது. இதைக் கழுவிப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே முதல் வேலை கழுவுதல். வண்டியை நிழலில் நிறுத்துங்கள். சூடான தகட்டில் எந்த மருந்தும் படக்கூடாது. முதலில் நிறையத் தண்ணீர் விட்டு மணலையும் புழுதியையும் போக்குங்கள். மணல் இருக்கும்போது துணி போட்டுத் தேய்த்தால், நாமே கீறல் போட்டவர்கள் ஆவோம். பிறகு பாத்திரம் கழுவும் மென்மையான சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடையுங்கள். இடுக்குகளுக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். கழுவி உலர்த்திய பின் பார்த்தால், பாதி மங்கல் போயிருக்கும். அது அழுக்குதான் என்று அப்போது தெரியும்.

மீதி மங்கலுக்கு மெல்லிய புளிப்பு. ஒரு பங்கு சமையல் வினிகருக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து, துணியில் நனைத்துப் பட்டையின் மேல் ஐந்து நிமிடம் ஒற்றி வையுங்கள். வினிகர் இல்லாவிட்டால் எலுமிச்சைச் சாறும் உதவும். பிறகு மென்மையாகத் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கழுவாமல் உலர விட்டால் கறை விழும். ஒன்றை மறக்க வேண்டாம்: குளியலறை கழுவும் குளோரின் மருந்தோடு வினிகரையோ வேறு புளிப்பையோ ஒருபோதும் கலக்கக் கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

இதற்கும் மசியாத வெள்ளைப் பூப்புக்குத்தான் தேய்ப்பு வேலை. பட்டையைக் கழற்ற முடிந்தால் நல்லது. ஆனால் பழைய வண்டிகளில் உள்ளிருக்கும் கிளிப்புகள் உடைந்துவிட்டால் மாற்றுக் கிடைப்பது கடினம். சந்தேகம் இருந்தால் கழற்றாதீர்கள். பட்டையைச் சுற்றியுள்ள பெயின்டின் மேல் காகித டேப் ஒட்டி மறைத்துவிட்டு, இருந்த இடத்திலேயே வேலை செய்யலாம்.

பூச்சில்லாத பட்டையில் மங்கல் மட்டும் இருந்தால் உப்புத்தாள் தேவையில்லை, பாலிஷே போதும். குழியும் கீறலும் இருந்தால், தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் கறுப்பு உப்புத்தாளை வாங்குங்கள். தாளின் பின்புறம் எண் இருக்கும். எண் ஏற ஏறத் தாள் மென்மையாகும். 600-இல் தொடங்கி, 800, 1000, 1500, 2000 என்று படிப்படியாகப் போக வேண்டும். குழி ஆழமாக இருந்தால் மட்டும் 400-இல் தொடங்கலாம். ஒரு தாள் போட்ட கீறலை அடுத்த தாள் முழுவதும் அழித்த பிறகே அதற்கடுத்த தாளுக்குச் செல்ல வேண்டும். அவசரப்பட்டு ஒரு படியைத் தாண்டினால், பழைய கீறல் பளபளப்புக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கும். பட்டையின் நீளவாட்டில் மட்டும் தேயுங்கள், வட்டம் போடாதீர்கள். ஒவ்வொரு தாளுக்கும் இடையே நன்றாகக் கழுவுங்கள். ஈரத்தோடு தேய்ப்பதில் இன்னொரு நன்மை உண்டு. அலுமினியப் பொடி காற்றில் பறக்காது. உலர்ந்த அலுமினியப் பொடி மூச்சுக்குக் கெடுதல். காற்றில் மிகுதியாகக் கலந்தால் தீப்பற்றக்கூடியதும் ஆகும்.

அடுப்படியில் பாத்திரம் தேய்க்கும் இரும்புக் கம்பி நாரை இங்கே கொண்டுவரக் கூடாது. அதன் துகள்கள் மென்மையான அலுமினியத்தில் புதைந்துகொள்ளும். நாலு நாளில் அவை துருப்பிடித்துச் செம்புள்ளிகளாகத் தெரியும்.

பிறகு பாலிஷ். ஹார்ட்வேர் கடையில் பசையாகக் கிடைக்கும் உலோகப் பாலிஷ் ஒரு சிறு குழாய் போதும். பழைய வேட்டித் துணியோ பருத்திச் சட்டைத் துணியோ எடுத்து, பயற்றளவு பசை தொட்டு, ஒரு சாண் நீளத்தை மட்டும் தேயுங்கள். துணி கறுக்கும். பயப்பட வேண்டாம். அது அலுமினியத்தின் மேல் தோல் உராய்ந்து வருவது. துணியைத் திருப்பித் திருப்பித் தேய்த்து, கடைசியில் சுத்தமான துணியால் துடைத்தால், நம் முகம் அதில் தெரியும். இந்தப் பசையைச் சோற்றுப் பானைக்கு மட்டும் பயன்படுத்த வேண்டாம்.

மின்சாரத் துளைக்கருவியில் பஞ்சு உருளை மாட்டியும் பாலிஷ் செய்வார்கள். அப்படிச் செய்வதானால் கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். தலைமுடி, துண்டு, சாரோங் எதுவும் சுழலும் உருளைக்குப் பக்கத்தில் தொங்கக் கூடாது.

ஆனோடைஸ் பூச்சுள்ள பட்டையானால் ஒரு முடிவு எடுக்க வேண்டும். பூச்சு நன்றாக இருந்தால் சோப்புத் தண்ணீரும் மெழுகும் போதும், தேய்க்கவே வேண்டாம். அதற்கு வினிகரும் தேவையில்லை. பூச்சே பால் போல் வெளிறித் திட்டுத்திட்டாகக் கெட்டிருந்தால், பாலிஷ் அதை மாற்றாது. உப்புத்தாள் கொண்டு பூச்சு முழுவதையும் எடுத்துவிட்டு, அடியிலுள்ள உலோகத்துக்கு மெருகு ஏற்றலாம். அழகாக வரும். ஆனால் ஆலை போட்ட காவல் போய்விடுகிறது. அதன் பிறகு அந்தக் காவலை நாம்தான் செய்ய வேண்டும். மாதம் ஒரு முறை கவனிக்க முடியும் என்றால் எடுங்கள். முடியாது என்றால், சற்று வெளிறியே இருக்கட்டும் என்று விட்டுவிடுவதே நல்லது.

எந்தக் காவலைச் சொல்கிறோம்? மெழுகை. பாலிஷ் செய்த உலோகத்தை அப்படியே விட்டால், சில வாரங்களில் மறுபடியும் மங்கத் தொடங்கும். காருக்குப் போடும் மெழுகை மெல்லிதாகத் தடவி, உலர்ந்ததும் துடைத்துவிடுங்கள். உப்பும் ஈரமும் உலோகத்தைத் தொடாமல் மெழுகு தடுக்கும். நம் கடற்காற்றுக்கு மாதம் ஒரு முறை மெழுகும், வாரம் ஒரு முறை நல்ல தண்ணீர்க் குளியலும் தேவை. கடற்கரைக்குப் போய் வந்தால் அன்றே கழுவிவிடுங்கள். ஆயுத பூஜைக்கு வண்டிக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, எலுமிச்சம்பழம் வைக்கிறோம். பூஜை முடிந்த மறுநாள் அந்த இடங்களை ஈரத்துணியால் துடைத்துவிட்டால் கறை தங்காது.

இன்னொரு நுட்பமும் உண்டு. பட்டையில் ஆணி இருக்கும் இடத்தைச் சுற்றி மட்டும் அதிகமாக வெள்ளைப் பொடி பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரும்பும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க, நடுவே உப்புத் தண்ணீர் சேர்ந்தால், அது ஒரு சிறு மின்கலம் போல் ஆகிவிடும். அதில் கரைவது அலுமினியம். அலுமினியத் தகடும் எஃகுச் சட்டமும் சேரும் இடங்களில் பழைய லேண்ட்ரோவர்கள் அரித்துப் போவதும் இதனால்தான். ஆகவே பட்டையைத் திரும்ப மாட்டும்போது ஆணிக்கு அடியில் பிளாஸ்டிக் வாஷர் போட்டு, துளையில் சிறிது கிரீஸ் தடவுங்கள். இரண்டு உலோகமும் நேராகத் தொடாமல் இருந்தால் அரிப்பு குறையும்.

நேயர்களே, இவ்வளவு நேரம் செய்ய வேண்டியதைச் சொன்னோம். இனிச் செய்யக் கூடாததைச் சொல்ல வேண்டும். இதை நாங்கள் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை; பட்டுத் தெரிந்துகொண்டு சொல்கிறோம்.

எங்கள் வீட்டிலும் ஒரு பழைய பிக்அப் இருந்தது. தீபாவளிக்கு முன் அதன் பட்டைகளைத் துலக்க நினைத்தோம். பக்கத்து வீட்டுக்காரர், "அண்ணே, சாக்கடை அடைப்புக்குப் போடுகிற சோடாவைக் கரைத்து ஊற்றுங்கள். ஒரு நிமிடத்தில் வெளுத்துவிடும்" என்றார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். நாங்களும் கரைத்து ஊற்றினோம். நுரை பொங்கியது. அழுக்குத்தான் கரைகிறது என்று மகிழ்ந்து, தேநீர் குடிக்கப் போய்விட்டோம். திரும்பி வந்து பார்த்தால், பட்டை கரிநிறமாகிச் சொறி பிடித்தது போல் கிடந்தது. கரைந்தது அழுக்கல்ல, அலுமினியம்.

பட்டை போனதோடு போயிருந்தால் அதை ஒரு கதையாகச் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்போம். மறுமுறை ஊற்றுவதற்காக, மீதிக் கரைசலைத் தண்ணீர் குடிக்கும் குவளையில் ஊற்றித் திண்ணை ஓரத்தில் வைத்திருந்தோம். பந்து விளையாடிவிட்டுத் தாகத்தோடு ஓடிவந்த எங்கள் வீட்டுப் பையன், அந்தக் குவளையை எடுத்துவிட்டான். துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மா கண்டு, ஓடிவந்து தட்டிவிட்டார். ஒரு வாய் உள்ளே போயிருந்தால் அவன் தொண்டை வெந்திருக்கும். அன்று அம்மா எங்களை ஒரு வார்த்தையும் திட்டவில்லை. பையனை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அதற்குத் திட்டே மேல் என்று தோன்றியது.

எனவே சாக்கடைச் சோடா, அடுப்பு கழுவும் கடும் கார மருந்து ஆகியவற்றை அலுமினியத்தின் பக்கமே கொண்டுவராதீர்கள். அலுமினியத்தோடு சேர்ந்தால் அது கொதித்துத் தெறிக்கும். தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். கித்தாப் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலமும் இந்த வேலைக்கு உரியதல்ல. அது தோலையும் கண்ணையும் சுட்டுவிடும்.

இவற்றைவிடக் கொடியது ஒன்று உண்டு. லாரிகளின் அலுமினியத்தையும் சக்கரங்களையும் ஒரே வீச்சில் வெளுக்கச் செய்யும் சில மருந்துகளில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கலந்திருக்கும். அது கையில் பட்டால் சில வேளைகளில் உடனே வலி தெரியாது. மணிக்கணக்காகத் தோலின் வழியே உள்ளே இறங்கி, எலும்பு வரைக்கும் சேதம் செய்யும். உடலிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு இருதயத்தையே பாதிக்கும். போத்தலின் மேல் இந்தப் பெயரைக் கண்டால் வாங்காதீர்கள். பெயரே ஒட்டாத போத்தலை யார் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

தவறி ஏதாவது மருந்து உடம்பில் பட்டுவிட்டால், நனைந்த உடையைக் கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் இருபது நிமிடமாவது கழுவ வேண்டும். கண்ணில் பட்டாலும் அப்படியே. விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். சுட்டுக்கொண்டு உள்ளே போனது, திரும்பி வரும்போதும் சுடும். 999-ஐ அழையுங்கள், அல்லது உடனே ஜாசின் மருத்துவமனைக்கோ மலாக்கா மருத்துவமனைக்கோ கொண்டு செல்லுங்கள். மருந்துப் போத்தலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். டாக்டர் அதைப் பார்த்தால் சிகிச்சையை விரைவாகத் தொடங்கலாம். பட்டது ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் என்றால், வலி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும்.

எந்த மருந்தையும் குவளையிலோ குளிர்பானப் போத்தலிலோ ஊற்றி வைக்காதீர்கள். பாராகுவாட் என்னும் களைக்கொல்லியை இப்படி ஊற்றி வைத்ததனால் தோட்டத்து வீடுகளில் விளைந்த துன்பங்களைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் களைக்கொல்லி நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்யப்பட்டிருக்கிறது. மருந்துக்குத் தடை வந்துவிட்டது. போத்தல் மாற்றி ஊற்றும் பழக்கத்துக்கு நாமே தடை போட வேண்டும்.

சொன்னவற்றைச் சுருக்கிக் கூறுவோம். முதலில் காந்தமும் வெள்ளைத் துணியும் கொண்டு உலோகத்தை அறிந்துகொள்ளுங்கள். நிழலில் கழுவுங்கள். மெல்லிய புளிப்பால் துடைத்து, உடனே அலசுங்கள். தேவைப்பட்டால் மட்டும் உப்புத்தாள், அதுவும் படிப்படியாக. பிறகு பாலிஷ், பிறகு மெழுகு. கடும் காரமும் கடும் அமிலமும் வேண்டவே வேண்டாம்.

முழுப் பட்டையையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கதவு என்று வைத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் வண்டி முழுவதும் முடிந்துவிடும். பிள்ளைகளையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். சோப்புத் தண்ணீர் துடைப்பதும் மெழுகு போடுவதும் அவர்கள் செய்யக்கூடிய வேலை. உலோகத்தின் தோலைப் பற்றியும் உப்பைப் பற்றியும் வேலையோடு வேலையாகச் சொல்லிக் கொடுங்கள். பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் வரும்போது, "எங்கள் வீட்டு வண்டியில் பார்த்திருக்கிறேன்" என்று அந்தப் பிள்ளை எழுந்து சொல்லும்.

ஆழமான குழிகள் சில எவ்வளவு தேய்த்தாலும் போகா. அவற்றை அப்படியே விட்டுவிடுங்கள். எங்கள் வண்டியிலும் சொறி பிடித்த அந்தப் பட்டையை நாங்கள் கழற்றவில்லை. மற்றவை எல்லாம் மின்னும். அது மட்டும் கறுத்தே இருக்கும். ஏன் என்று யாராவது கேட்டால், இன்று உங்களுக்குச் சொன்ன கதையை அவர்களுக்கும் சொல்வோம்.